லாரன்ஸ், ஃபுட்ஹில், சான் டோமாஸ்: சான்டா கிளாரா கவுண்டி ரோடு பத்தி கேள்வி-பதில்

கேள்வி: சார், லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வே ரோட்டை மேப்ல ஜி2ன்னு காட்டுது, ஆனா எல்லாரும் லாரன்ஸ்னுதான் சொல்றாங்க. அந்த ஜி என்ன?

ஜி2ன்னு சொன்னா சன்னிவேல்ல ஒருத்தருக்கும் புரியாது, நானே வழி சொல்லும்போது லாரன்ஸ்னுதான் சொல்வேன். கலிஃபோர்னியால 1958ல கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ரோடுக்கும் நம்பர் குடுக்க ஆரம்பிச்சாங்க, மாநிலத்தோட வடக்குக் கோடில ஏ, அப்படியே கீழ இறங்கி சான் டியாகோ பக்கம் போனா எஸ், நடுவுல நம்ம சான்டா கிளாரா, மான்டரே, சான் பெனிட்டோ இதெல்லாம் ஜி. நீல கலர்ல அஞ்சு மூலை போர்டு, மஞ்சள் எழுத்து. அடுத்த தடவை சிக்னல்ல நிக்கும்போது தேடிப் பாருங்க.

லாரன்ஸ்ங்கற பேரு ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து வந்தது, முன்னாடி லாரன்ஸ் ஸ்டேஷன் ரோடுன்னே பேரு. இப்பவும் கால்ட்ரெய்ன்ல (இங்க ஓடற பயணிகள் ரயில்) போய் அந்த ஸ்டேஷன்ல இறங்கினா தலைக்கு மேல பாலம், பாலத்து மேல லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வே.

கேள்வி: ஃபுட்ஹில் எக்ஸ்பிரஸ்வே மட்டும் ஏன் வண்டி ஓட்ட அவ்ளோ ஸ்மூத்தா இருக்கு?

ரொம்ப நல்ல கேள்வி, எனக்குப் பிடிச்ச ரோடு வேற. அது ரயில் போன பாதைங்க! 1908ல சதர்ன் பசிபிக் கம்பெனி லாஸ் ஆல்டோஸ் வழியா லாஸ் காட்டோஸ் பக்கம் ஒரு லைன் போட்டாங்க, லாஸ் ஆல்டோஸ் ஊரே ரயிலை நம்பித்தான் வளந்தது, 1964ல அந்தப் பக்கம் ரயிலை நிறுத்திட்டாங்க, கவுண்டி அந்தத் தடத்துலயே ரோடு போட்டுடுச்சு. ரயிலால சட்டுனு திரும்பவும் முடியாது, செங்குத்தா ஏறவும் முடியாதுல்ல, அதான் ஒவ்வொரு வளைவும் அவ்ளோ நீளமா, ஸ்டீயரிங்கை லேசா தொட்டாலே போற மாதிரி இருக்கு.

இந்த எக்ஸ்பிரஸ்வேக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்துச்சுன்னா, 1961ல 7 கோடி டாலர் பாண்டுக்கு (கடன் பத்திரம்) கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டாங்க. அப்போ இங்க நிறைய இடம் ப்ளம், ஆப்ரிகாட் தோட்டம். எல்லா இடத்துலயும் சந்தோஷமா வரவேற்கலை, பாலோ ஆல்டோல ஆரெகன் எக்ஸ்பிரஸ்வேக்கு வீடுங்களை எடுக்கணும்னதும் பெரிய சண்டை, 1962ல ஊர் ஓட்டெடுப்புல மயிரிழைல பாஸ் ஆச்சு. பேருதான் எக்ஸ்பிரஸ்வே, அங்க ஸ்பீட் லிமிட் 35 மைல்.

கேள்வி: எல் கமினோல பள்ளத்துல டயர் போச்சு. கவுண்டிக்கு எழுதலாமா?

எழுதாதீங்க, எல் கமினோ ஸ்டேட் ரூட் 82, மாநில ரோடு துறையான கால்ட்ரான்ஸ் பொறுப்பு. சாதாரணமா ஊர் எல்லைக்குள்ள இருக்கற தெரு சிட்டியோடது, வெளிய இருந்தா கவுண்டியோடது. எக்ஸ்பிரஸ்வே மட்டும் விதிவிலக்கு, எந்த சிட்டி நடுவுல போனாலும் ரோடு, சிக்னல் எல்லாம் கவுண்டிதான் பாக்குது. நானும் ஒரு தடவை தப்பான ஆபீஸுக்கு எழுதிட்டு மூணு வாரம் பதிலுக்குக் காத்துக்கிட்டிருந்தவன்தான்.

கேள்வி: சான் டோமாஸ்ல கார்பூல் லேன் வலது பக்கம் இருக்கே, தப்பா போட்டுட்டாங்களா?

இல்லைங்க, வேணும்னே போட்டதுதான். கார்பூல் லேன்னா கார்ல ரெண்டு பேராவது இருந்தா போற லேன். ஃப்ரீவேல இடது ஓரம், இங்க வலது ஓரம். ரைட் டர்ன் எடுக்கறவங்க தனியா வந்தாலும் திரும்பற இடத்துக்குக் கிட்ட வந்து அதுல நுழையலாம். ஊருக்குப் புதுசா வந்தவங்க ரைட் லேன்தானே மெதுவா போற லேன்னு நிம்மதியா ஓட்டிட்டு அபராத டிக்கெட் வாங்கறது இதுலதான், வார நாள் காலைலயும் சாயங்காலமும்தான் இந்த ரூல், போர்டுல நேரத்தைப் பாத்துக்கோங்க.

கேள்வி: சான் டோமாஸும் மான்டேக்கும் ஒரே ரோடா?

ஒண்ணுதான், ரெண்டும் ஜி4. 101 ஃப்ரீவே தாண்டினதும் பேரு மாறுது, அவ்ளோதான்.