நாலு மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்: நரம்பைத் தூண்டும் கருவி வைக்கலாமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு வயது 61. நாலு வகை மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் 170/100-லேயே நிற்கிறது. கழுத்தில் கருவி வைத்து நரம்பைத் தூண்டினால் குறையுமாம், பெங்களூரில் இருக்கும் தம்பி சொல்கிறான். செய்யலாமா?"

அப்படி ஒரு கருவி இருப்பது உண்மைதான். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அங்கே ஒரு மின்முனையைத் தைத்து, காறை எலும்புக்குக் கீழே பேட்டரியைப் புதைப்பார்கள். பிரஷர் எகிறிவிட்டதாக மூளை ஏமாந்து, துடிப்பைத் தணித்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். ஆனால் 'பேரோஸ்டிம்' என்ற இந்தக் கருவிக்கு அமெரிக்கா 2019-ல் அனுமதி கொடுத்தது இதயச் செயலிழப்புக்கு, பிரஷருக்கு அல்ல.

சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுடும் முறை வேறு. அங்கே தூண்டுவதில்லை, அணைக்கிறார்கள். 2014-ல் வெளியான பெரிய ஆய்வில் அது பொய்ச் சிகிச்சையை (நரம்பைச் சுடாமல், சுட்டதுபோல் பாவனை மட்டும் செய்வது) விஞ்சவில்லை. கருவிகளைத் திருத்திய பிறகு 2023-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சராசரியாக 10 புள்ளிக்கும் குறைவாகத்தான் இறங்குகிறது, மாத்திரையும் பெரும்பாலும் தொடரும். அப்பாவின் 170-க்கு இது எந்த மூலைக்கு?

சரி, முதலில் அந்த 170 நிஜமா என்று பார்ப்போம். பஸ்ஸை விட்டு இறங்கி, படியேறி வந்த மூச்சோடு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி எடுத்த அளவு கணக்கில் சேராது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல், வெறும் கையில் எடுக்கவேண்டும். காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம். வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் பாதிக் கவலை போச்சு.

அப்புறம் மூட்டுவலி. மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். களிக்குக் கருவாட்டுக் குழம்பு, மோருக்கு மாங்காய் ஊறுகாய் என்றால் உப்பு எங்கே குறையும்? ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன்தான். பலமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாலில் ஒன்று நீர் மாத்திரையா, அதாவது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவதா? இல்லையென்றால் அதுதான் ஓட்டை. இருந்தும் அடங்கவில்லை என்றால் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரையைச் சேர்ப்பது நல்ல வழி. பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துக்கொண்டே கொடுக்கவேண்டும், நீங்களாக வாங்கித் தராதீர்கள். அட்ரினல் சுரப்பிக் கோளாறுக்கான ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியதே பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வீட்டுக்கே வருகிறது; வந்தது வயிற்றுக்குள் போகிறதா என்பது வேறு விஷயம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், காலி அட்டைகளையும் சேர்த்து.