6, 10 வயதுப் பிள்ளைகளுடன் முதல் பனிச்சறுக்குப் பயணம்: எங்கே போகலாம், எப்போது போகலாம்?

கேள்வி: மண்டபத்தில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 6 வயதும் 10 வயதும். வீட்டில் யாரும் பனியைக் கண்டதில்லை. பிள்ளைகள் பனிச்சறுக்குப் பழக வேண்டும் என்று ஆசை. குல்மார்க், அவுலி, மணாலி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பள்ளி விடுமுறையில் போகலாமா?

பதில்:

நம் கரையில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிறவர்கள் எந்தக் கடல், எந்த மாதம் என்று பார்த்துத்தான் இறக்குவார்கள். வாடைக்காற்று ஓய்ந்த பிறகு, அலை அடங்கிய பெண்கடல் பக்கம், இடுப்பளவுத் தண்ணீரில். பனிச்சறுக்குக்கும் அதே கணக்குதான். மலையின் பெயரையும் படத்தில் தெரியும் சிகரத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பிள்ளை முதல் மூன்று நாள் நிற்கப்போகும் அந்த 50, 100 மீட்டர் சரிவு எப்படிப்பட்டது, நீங்கள் போகும் வாரத்தில் அதில் பனி கிடக்குமா என்று மட்டும் கேளுங்கள். ஊர் தானாக முடிவாகிவிடும்.

நல்ல முதல் சரிவு பார்ப்பதற்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். கிட்டத்தட்டச் சமதரை. அடியில் தரை மட்டமாகவோ லேசாக மேலேறியோ இருக்க வேண்டும், அப்போதுதான் நிறுத்தத் தெரியாத பிள்ளையும் தானாக நிற்கும். கீழே சாலை, மரம், குதிரைப் பாதை எதுவும் குறுக்கிடக் கூடாது. வேகமாக இறங்குகிறவர்கள் அந்த வழியே வரக் கூடாது. ஐந்து நிமிட நடையில் கழிப்பறையும் சூடான இடமும் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 6 வயதுப் பிள்ளைக்கு ‘ஸ்கீ பூட்’ என்னும் சறுக்குக் காலணியைக் கழற்றி, மூன்று அடுக்கு உடையை அவிழ்த்துச் சிறுநீர் கழிக்க வைத்துத் திரும்பக் கூட்டிவந்தால் அரைமணி நேரப் பாடம் போய்விடும்.

இந்த அளவுகோலில் இந்தியாவுக்குள் என் தேர்வு காஷ்மீரிலுள்ள குல்மார்க். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போன்ற புல்வெளி. கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் இடம்தான் பனிக்காலத்தில் பழகுநர் சரிவு. மென்மையான இறக்கம், அருகிலேயே விடுதிகள், மேலே இழுத்துச் செல்லச் சிறிய லிஃப்ட். உங்களுக்குத் தேவையானது அவ்வளவுதான். குல்மார்க்கை உலகறியச் செய்த அபர்வத் மலை இந்தப் பயணத்தில் உங்களுக்கு அலை பொங்கும் ஆண்கடல். அதில் ஏற்றிச்செல்லும் கம்பிவட வண்டியான கண்டோலாவின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடும். அங்கே சமன்செய்த தடம் கிடையாது, பனிச்சரிவு ஆபத்து உண்டு, அதாவது மேலிருந்து பனி திரளாகச் சரிந்து விழும். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கின் மேல்சரிவுகளில் பனிச்சரிவில் சிக்கி ஒரு ரஷ்யச் சறுக்குவீரர் இறந்தார். வேடிக்கை பார்க்க முதல் கட்டத்தோடு, கோங்டூரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் வளர்ந்த பிள்ளையைச் சில நாளுக்குள் நான்காயிரம் மீட்டருக்கு ஏற்றினால் தலைவலி, வாந்தி, அழுகைதான் மிஞ்சும். கண்டோலா டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

இனி மாதம். நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. காஷ்மீரில் கடுங்குளிர் நாற்பது நாளுக்கு ‘சில்லாய் கலான்’ என்று பெயர். அது டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி 30 வரை போகும். அதாவது நம் விடுமுறையில் அங்கே குளிர்காலம் இப்போதுதான் கண் விழிக்கிறது. சறுக்கத் தேவையான பனி அதற்குள் அமைந்தால் அதிர்ஷ்டம். 2024 ஜனவரியில் பாதி மாதத்துக்கு மேலும் குல்மார்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே பனிக் குறைவால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஆகவே பழகுவதுதான் நோக்கம் என்றால் ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி இறுதிக்குள் போங்கள். பள்ளியில் ஒரு வாரம் விடுப்பு கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள். இந்த வயதில் ஒரு வாரப் பாடத்தை வீட்டில் ஈடுகட்டிவிடலாம். மே மாதம் வேண்டவே வேண்டாம். உயரத்தில் எஞ்சிய அழுக்குப் பனியில் மரப்பலகை வண்டியில் இழுப்பார்கள், அது வேறு விஷயம்.

டிசம்பரோ மேயோ தவிர வழியில்லை என்றால் துபாயைப் பாருங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் உறவினர் இல்லாத தெரு குறைவு, தங்கும் செலவு மிச்சம். 2005-இல் திறந்த ஸ்கீ துபாய் உள்ளரங்கில் எந்த மாதமும் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழான குளிர் இருக்கும். நீளமான தடமே 400 மீட்டர்தான், ஆனால் முதல் நாள் பிள்ளைக்கு அதில் கால்வாசி கூட வேண்டாம். உயர நோய் கிடையாது, மலைச்சாலை வாந்தி கிடையாது. மலையும் வானமும் இருக்காது, அந்தக் குறை உண்மை. காஷ்மீருக்குச் செலவழிக்கும் முன் பிள்ளைக்கு இது பிடிக்கிறதா என்று பார்க்கவும் இது நல்ல இடம். வெறும் நுழைவுச் சீட்டு எடுக்காதீர்கள், பாடத்தோடு சேர்த்த சீட்டு எடுங்கள். நிறுத்தவும் திரும்பவும் தெரியாதவர்களைப் பெரிய தடத்தில் விடமாட்டார்கள்.

உத்தராகண்டிலுள்ள அவுலியின் சரிவுகள் அழகானவை, அரசுச் சுற்றுலா நிறுவனம் 7 நாள், 14 நாள் பயிற்சியும் நடத்துகிறது. ஆனால் ரிஷிகேஷிலிருந்து அவுலிக்குக் கீழேயுள்ள ஜோஷிமட் வரை ஒரு முழுப்பகல் வளைவுச் சாலை. 10 வயதுக்கு மேல் சரி, 6 வயதுக்கு வேண்டாம். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்தபோது அங்கிருந்து அவுலிக்கு ஏறும் ரோப்வேயை நிறுத்தினார்கள், ஆகவே மேலே ஏறும் வழியை முதலில் விசாரியுங்கள். மணாலிக்கு மேலுள்ள சோலாங் பள்ளத்தாக்கில் சரிவு சிறியது, கூட்டமோ பெரியது. சறுக்குகிறவர்களுக்கு நடுவே குதிரையும் நாலுசக்கர மோட்டாரும் ஓடும். பனியில் விளையாட நல்ல இடம், பழகச் சுமார்தான்.

குல்மார்க் என்று முடிவெடுத்தால் ஏழு நாள் ஒதுக்குங்கள். மதுரையிலிருந்து டெல்லி மாறி ஸ்ரீநகர். பனிமூட்டத்தில் விமானம் தாமதமாவதும் ரத்தாவதும் சாதாரணம், திரும்பும் பக்கம் ஒரு நாள் கையில் இருக்கட்டும். முதல் இரவு சுமார் 1,600 மீட்டரிலுள்ள ஸ்ரீநகரில் தூங்கி, மறுநாள் ஏறுங்கள். பனி கொட்டினால் சமவெளி வாடகைக் கார் அடிவாரத்திலுள்ள தங்மார்க்கோடு நின்றுவிடும். மீதி 13 கிலோமீட்டருக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டி பிடிக்க வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, ஒரு போனிலாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு சில சுற்றுலா இடங்களை மூடினார்கள், ஆகவே பதிவுக்கு முன் அரசு அறிவிப்பையும் பாருங்கள். சாப்பாட்டுக் கவலை வேண்டாம், காஷ்மீரிகள் நம்மைப் போலவே சோற்றுக்காரர்கள்.

ஸ்ரீநகரில் தங்கி ஒருநாள் போய்வருவது மட்டும் கூடாது. பழக மூன்று நாள் தொடர்ச்சியாக வேண்டும். முதல் நாள் பூட்டோடு நடப்பது, ஒரு காலில் மட்டும் சறுக்குக் கட்டை (ஸ்கீ) மாட்டித் தள்ளுவது, விழுவது, எழுவது. சரிவுக்குக் குறுக்காகக் கட்டையை வைத்தால்தான் எழ முடியும். கீழ்நோக்கி வைத்தால் எழுந்ததும் ஓடிவிடும். இரண்டாம் நாள் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்புறத்தை அகற்றி ஆப்பு வடிவத்தில் நிறுத்துவது. மூன்றாம் நாள் திரும்புவது. கைக்கோல் கொடுத்தால் வாங்காதீர்கள், பிள்ளைகள் அதில் சாய்ந்து நிற்கப் பழகிவிடுவார்கள். பெரியவனுக்குக் காலையில் இரண்டு மணி, மதியத்துக்குப் பின் ஒரு மணி. சின்னதுக்கு ஒரு மணிக்கு மேல் இழுக்காதீர்கள், மீதி நேரம் பனியில் உருளட்டும்.

வண்டியை விட்டு இறங்கியதும் சூழ்ந்துகொள்ளும் ஆட்களிடம் எச்சரிக்கை. கையைப் பிடித்து நாலு தடவை கீழே இழுத்துக்கொண்டு ஓடுவார்கள், படம் எடுப்பீர்கள், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளை எதுவும் கற்றிருக்காது. பதிவு பெற்ற பயிற்சியாளரா, ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், கட்டணம் மணிக்கா நாளுக்கா, கட்டையும் பூட்டும் ஹெல்மெட்டும் சேர்த்தியா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். 6 வயதுக்குத் தனிப் பயிற்சியாளர் நல்லது. மொழி இன்னொரு சிக்கல். அங்கே இந்தியும் உருதும்தான். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இந்த நாலு சொல்லை ஊரிலேயே பழக்குங்கள்: ‘ருக்கோ’ என்றால் நில், ‘குட்னே மோடோ’ என்றால் முட்டியை மடக்கு, ‘தீரே’ என்றால் மெதுவாக, ‘சாம்னே தேக்கோ’ என்றால் முன்னால் பார்.

பெரும்பாலான முதல் நாள் அழுகைக்குக் காரணம் பூட். வெறுங்காலோடு குதிகாலைச் சுவரில் ஒட்டி நிற்க வைத்து, பெருவிரல் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஸ்கீ பூட்டின் அளவும் சென்டிமீட்டர்தான். 20 என்றால் 20 அல்லது 20.5 பூட். சின்ன அளவு கடைகளில் குறைவு, எனவே அந்த எண்ணைச் சொல்லி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனியில் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. ‘வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்’ என்ற நம் பழக்கம் இங்கே ஆகாது. கால் உள்ளே ஆடினால் கட்டை சொன்ன பேச்சுக் கேட்காது. கட்டை நிறுத்திப் பார்த்தால் நெஞ்சுக்கும் முகவாய்க்கும் நடுவே வர வேண்டும். பூட்டையும் கட்டையையும் பிணைத்து, விழும்போது கழற்றிவிடும் பைண்டிங்கில் ஓர் எண் இருக்கும். 20 முதல் 30 கிலோ பிள்ளைக்கு 1-க்கும் 2-க்கும் இடையில்தான் வரும். 4, 5 என்று இருந்தால் விழும்போது கழலாது, முட்டி திருகும். எடையைச் சொல்லிக் கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள்.

உடையில் பருத்தி வேண்டாம், பனியனும் சேர்த்துத்தான். ஈரத்துணி நம் வெயிலில் இதமாக இருப்பது உடம்புச் சூட்டை அது இழுப்பதால். பனியில் அதே வேலையைத் தொடர்ந்து செய்யும். உள்ளே தெர்மல் (உடம்போடு ஒட்டும் குளிர் உள்ளாடை), நடுவில் ஃப்ளீஸ் (கம்பளி போன்ற மென்மையான சட்டை), மேலே தண்ணீர் புகாத சட்டை, பேன்ட். மேலுடையை வாடகைக்கு எடுக்கலாம். கையுறை சொந்தமாக ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று நிச்சயம் நனையும். காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியதாக, முழங்கால் வரை. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் இறுகிக் கால் இன்னும் குளிரும், மடிப்பு விழுந்து கொப்புளம் வரும். வாலிநோக்கம் உப்பளத்தில் நடுப்பகலில் நின்றவர்களுக்குக் கண்கூச்சம் தெரியும், பனியிலும் அப்படித்தான். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பகுதி, தாடையின் கீழ்ப்புறம் எல்லாம் சன்ஸ்கிரீன் தடவுங்கள், மேகமூட்டமான நாளிலும் கண்ணாடி கட்டாயம்.

கிளம்பும் முன் மூன்று வாரம் பழக ஊரிலேயே இடமிருக்கிறது. அரியமான் கடற்கரையில் மணல் மேடு பார்த்து, பக்கவாட்டில் அடி வைத்து ஏறி இறங்கச் சொல்லுங்கள். பனியில் கட்டையோடு ஏறுவதும் அப்படித்தான். பிறகு முட்டியை மடக்கி, கைகளை முன்னே நீட்டி, முப்பது வினாடி அசையாமல் நிற்கட்டும். தினமும் ஐந்து தடவை. நீங்களும் கூடச் செய்யுங்கள், பிள்ளையைத் தூக்கிவிடக் குனிந்து குனிந்து முதலில் தொடை பிடிப்பது பெற்றோருக்குத்தான்.