எல்சி3 ஏறினால் என்ன அர்த்தம்?

கேள்வி: எலிகளுக்கு ஒரு மூலிகைச் சாறு கொடுத்து, ஈரலை எலைசா கிட்டில் (ஆன்டிபாடியால் புரத அளவை நிறமாகக் காட்டும் சோதனை) பார்த்தேன். எல்சி3 என்ற புரதத்தின் அளவு, சாறு கொடுக்காத கன்ட்ரோல் எலிகளைவிட இரண்டு மடங்கு வந்திருக்கிறது. ஆட்டோஃபேஜி (செல் தன் கழிவைத் தானே செரிக்கும் வேலை) கூடியதாக ஆய்வேட்டில் எழுதலாமா? கிட்டில் 24 குழிகள் மிச்சம். அதில் கோழி ஈரலைப் பார்க்கலாமா?
– ஆராய்ச்சி மாணவி, நாமக்கல்

பதில்: இப்போதைக்கு எழுதிவிடாதீர்கள்.

செல் தன் கழிவைச் சுற்றிக் கட்டும் சவ்வுப் பையில் எல்சி3 ஒட்டியிருக்கும். பை, செல்லின் செரிமான அறையான லைசோசோமோடு சேர்ந்து செரிக்கும்போது, உட்புறம் ஒட்டிய எல்சி3யும் சேர்ந்தே கரையும். தொட்டியில் தண்ணீர் ஏறினால் குழாயைக் கூடுதலாகத் திறந்திருக்கலாம், வடிகால் அடைத்தும் (செரிப்பது நின்றும்) இருக்கலாம். உங்கள் எண் தண்ணீர் மட்டத்தை மட்டும்தான் சொல்கிறது.

அதே ஹோமோஜினேட்டில் (அரைத்த ஈரல் கரைசலில்) பி62வையும் பாருங்கள். கழிவைப் பைக்குள் கொண்டுபோய், கூடவே செரித்துப்போகும் புரதம் அது. எல்சி3 ஏறி பி62 இறங்கினால் நல்ல அறிகுறி. இரண்டும் ஏறினால் அடைப்பைச் சந்தேகப்படுங்கள். ஆனால் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் செல் பி62வைக் கூடுதலாகவே தயாரிக்கும் என்பதால், அதையும் தனியாக நம்ப முடியாது. சில எலிகளுக்கு, லைசோசோம் செரிப்பதைத் தடுக்கும் குளோரோகுயின் மருந்தைக் கொடுத்து வடிகாலை நீங்களே அடைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. குளோரோகுயின் மட்டும் கொடுத்த எலிகளைவிடச் சாறும் சேர்த்துக் கொடுத்தவற்றில் எல்சி3-II (பையின் சவ்வில் ஒட்டிய வடிவம்; ஒட்டாதது எல்சி3-I) கூடினால், ஓட்டம் உண்மையிலேயே கூடியிருக்கிறது. இதற்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரித்து, ஆன்டிபாடியால் காட்டும் முறை) தேவை. பெரும்பாலான எலைசா கிட்டுகள் எல்சி3-I, II இரண்டையும் பிரிக்காமல் மொத்தமாகவே அளக்கும். ஜெல்லில் II கீழே இறங்கித் தனிப்பட்டையாக நிற்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். தீவனத்தை எடை போட்டீர்களா? 2004இல் ஜப்பானில் நோபோரு மிசுஷிமா குழு, ஒளிரும் எல்சி3 கொண்ட சுண்டெலிகளைப் பட்டினி போட்டு, ஈரல் உட்படப் பல உறுப்புகளில் இந்தப் பைகள் பெருகுவதைக் காட்டியது. சாறு கசந்து எலிகள் குறைவாகத் தின்றிருந்தால், நீங்கள் அளந்தது பசியைத்தான்.

ஈரலைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் கழுவினீர்களா என்பதும் முக்கியம். ஒருமுறை என் பிளேட்டில் டிஎம்பி (எலைசாவில் நீல நிறம் தரும் கரைசல்) ஊற்றிய சில நொடிகளிலேயே நான்கு குழிகள் மட்டும் அடர்நீலமாகிவிட்டன. நோட்டைப் புரட்டினால், அந்த நான்கும் அவசரத்தில் கழுவாமல் அரைத்தவை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கும், டிஎம்பியை நீலமாக்கும் பெராக்சிடேஸ் நொதியின் குணம் உண்டு. கழுவிய துண்டுகளை அரைத்து மறுபடி ஓட்டியதும் மற்றவற்றோடு ஒத்துவந்தன.

அப்புறம் கோழி. எலிக்கென்று தேர்ந்த ஆன்டிபாடி கோழிப் புரதத்தைப் பிடிக்கலாம், பாதி பிடிக்கலாம், விட்டும்விடலாம். 24 குழிகளில் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசல்களுக்கே 16 போய்விடும். மீதி எட்டில் ஒரே ஒரு கோழி ஈரலை அப்படியேயும், 2, 4, 8 மடங்கு நீர்த்தும், இரண்டிரண்டு குழியாக வையுங்கள். நீர்த்த மடங்கால் திருப்பிப் பெருக்கினால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், கோழி மாதிரியில் சோதித்துப் பார்த்த கிட்டைத்தான் வாங்க வேண்டும்.