பெர்பெரின் கேப்சூலும் விடியற்காலை வியர்வையும்

கேள்வி: வயது 50. சர்க்கரைக்கு கிளிமெப்பிரைடு-மெட்ஃபார்மின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் சாப்பிட்டு வந்தேன். அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் குடல் பாக்டீரியாவை மாற்றி இதயத்தைக் காக்கும், எடையும் குறைக்கும் என்று வீடியோவில் பார்த்து, அட்டோர்வாஸ்டாடினை நிறுத்திவிட்டு ஒரு மாதமாக அந்தக் கேப்சூலைச் சாப்பிடுகிறேன். இரவு உணவையும் விட்டுவிட்டேன். வாயு, வயிற்றுப்போக்கு. சில நாள் விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்கி விழிப்பு வருகிறது. நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துவிட்டதா?

பதில்: பாக்டீரியா கிடக்கட்டும். அந்த வியர்வையும் நடுக்கமும் சர்க்கரை தாழ்ந்துபோவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிளிமெப்பிரைடு சர்க்கரையை இறக்கும், பெர்பெரினும் இறக்கும். போதாததற்கு ராத்திரிப் பட்டினி வேறு! இன்னொரு முறை வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கருவி இல்லையென்றாலும் குடித்துவிடுங்கள். வியர்வையோடு நெஞ்சு பாரமோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

கேப்சூல் இன்றோடு போதும். ராத்திரி சாப்பிடுங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவில் நீங்களே கைவைக்காமல், நாளைக்கே உங்கள் டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லுங்கள், கேப்சூலையும் சேர்த்து. அது சில மருந்துகளைக் கல்லீரல் சிதைப்பதையே மந்தமாக்கும்.

வீடியோக்காரர் சொன்னது முழுப் பொய்யில்லை. விழுங்கும் பெர்பெரினில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது 1 சதவீதம்கூட இல்லை. மீதி குடலிலேயே தங்குகிறது. அங்குள்ள பாக்டீரியா அதில் கொஞ்சத்தை எளிதில் உறிஞ்சப்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. பெர்பெரினும் பதிலுக்கு, எந்த பாக்டீரியா பெருகும், எது குறையும் என்பதை மாற்றுகிறது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஓரளவு இறங்குகிறது. எடை? ஒன்றிரண்டு கிலோ, அவ்வளவுதான். ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமானது நீங்கள் நிறுத்திய ஸ்டாடின்தான். ஒரு மாதம் அதைத்தான் இழந்திருக்கிறீர்கள்.

வாயுவும் வயிற்றுப்போக்கும் கேப்சூலின் கைவரிசை. நிறுத்தினால் சில நாளில் அடங்கும். பாக்டீரியா ஒன்றும் கூண்டோடு அழிந்துவிடவில்லை, அதற்கென்று புரோபயாடிக் வாங்கவும் ஓடாதீர்கள்.

உங்கள் பயமெல்லாம் அப்பாவின் வயதை நெருங்குவதுதான் என்று புரிகிறது. அப்பாவுக்கு 55-க்கு முன்பே வந்ததால் அந்த பயத்தில் நியாயமும் இருக்கிறது. அந்த 52-ஐ டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அட்டோர்வாஸ்டாடினை மறுபடி ஆரம்பித்து, எல்டிஎல் எவ்வளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம்.