காசியில் ஒரு முருகன்

அன்புள்ள ஐயா,

குடும்பத்தோடு காசி போயிருந்தோம். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் பாரத் கலா பவன் அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். பெயர்ப்பலகை ஒன்று விடாமல் படித்தேன். வெளியே வந்தபின் எதுவும் மனதில் நிற்கவில்லை. உடைந்த கற்களைப் பார்த்துவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது. சிற்பக்கலை படிக்காதவர்களுக்கு அங்கே வேலை இல்லையா? அடுத்த முறை அம்மாவையும் அழைத்துப் போக வேண்டும்.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பலகைக்குக் கொடுத்த நேரத்தில் பாதியாவது கல்லுக்குக் கொடுத்தீர்களா? புதுமண்டபத்துத் தூண்களைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர் சிற்பம் தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. தெரிந்ததை வாசலில் செருப்போடு கழற்றிவைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அங்கே குப்தர் காலத்துக் கார்த்திகேயர் சிற்பம் ஒன்று உண்டு. நம்ம முருகன்தான். நம் கோயில்களில் மயில் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கும். இங்கே நேராக நம்மைப் பார்த்து நிற்கிறது. அதன் கழுத்துக்கு இருபுறமும் கால்களைத் தொங்கவிட்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் விரிந்த தோகையே திருவாசி, அதாவது சிலையைச் சுற்றி வரும் அலங்கார வளைவு, ஆகிவிடுகிறது. சிற்பி தனியாக ஒன்று செதுக்க வேண்டியிருக்கவில்லை. கழுத்தில் புலிநகம் கோத்த மாலை. பிள்ளைகளுக்குக் காப்பாகப் போடுவது. சங்கப் பாடல்களில் பிள்ளைகள் கழுத்தில் வரும் புலிப்பல் தாலி நினைவுக்கு வருகிறதா? தேவர்களின் படைத்தலைவனைச் சிறுபிள்ளையாகவே பார்த்திருக்கிறார்கள், அங்கேயும்.

உங்கள் அம்மா "வள்ளி தெய்வானை எங்கே?" என்று கேட்பார். சரியான கேள்வி. வடக்கே அவரைப் பெரும்பாலும் பிரம்மச்சாரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வி பத்துப் பலகைகளுக்குச் சமம்.

அப்புறம் கோவர்த்தனம் தூக்கும் கிருஷ்ணர். அதுவும் குப்தர் காலம், வாரணாசியிலேயே கிடைத்தது. மாமல்லபுரத்தில் இதே கதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே மலைக்கு அடியில் ஓர் ஆயர்பாடியே இருக்கிறது: ஒருவர் பால் கறக்கிறார், பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. மழைக்கு ஒதுங்கிய பதற்றமே இல்லை. காசியிலோ ஓங்கிய கையும் அந்த உடம்பின் நிமிர்வும்தான் கண்ணை நிறைக்கின்றன. எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். எனக்கு மாமல்லபுரத்துப் பசுதான் பிடிக்கும்.

சிற்றோவியங்களுக்கு வேறு கணக்கு. கையில் ஏந்தி, முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்க்க வரைந்தவை அவை. நடந்துகொண்டே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜம்முப் பகுதியின் பசோலிப் பாணி ஓவியம் ஏதும் காட்சியில் இருந்தால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். நகைகளில் மரகதம் வருமிடத்தில் வண்டின் பச்சை இறகோட்டைத் துண்டு துண்டாக ஒட்டும் வழக்கம் அந்த ஓவியர்களுக்கு இருந்தது. கோணம் மாறினால் மின்னும்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் உள்ள சேகரிப்பு அது. 1920இல் அதைத் தொடங்கிய ராய் கிருஷ்ணதாஸ் ஓர் இந்தி எழுத்தாளர், வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அதை ஒரே மூச்சில் முடிக்க நினைப்பது நியாயமே இல்லை. மூன்று நான்கு பொருட்கள் போதும். மற்றவற்றைத் தயங்காமல் கடந்து போங்கள்.

பல்கலைக்கழக விடுமுறை நாட்களை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மாலையில் அம்மாவைக் கங்கைக்கரையின் கேதார் கட்டத்துக்கு, அந்தப் படித்துறைக்குக் கூட்டிப்போங்கள். முருகனைப் பாடிய குமரகுருபரர் நிறுவிய மடம் அங்கேதான் இருக்கிறது.