போர்க்கப்பலுக்குக் கரி எங்கிருந்து போனது?

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல் படங்களில் புகைபோக்கியும் இருக்கிறது, பாய்மரமும் இருக்கிறது. ஏன் இரண்டும்? போகிற துறைமுகத்தில் நிலக்கரி வாங்கிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. கரியில் கரிக்குக் கரி வித்தியாசம் உண்டு. சில வகைக் கரியைப் போட்டால் கரும்புகை மண்டும், அடிவானத்துக்கு அப்பால் வரும்போதே எதிரிக்குத் தெரிந்துவிடும், நம் பீரங்கிக்காரர்களுக்கோ எதிரே இருப்பதே தெரியாது. கடற்படை 1840-களில் பலவகைக் கரிகளையும் எரித்துப் பார்க்கச் சொன்னது. அதில் பெயர் வாங்கியது தெற்கு வேல்ஸ் கரி. புகை குறைவு, சூடு அதிகம். அபெர்டேர், ரோண்டா பள்ளத்தாக்குகளில் வெட்டி, ரயிலில் கார்டிஃப் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

சரி, பாய்மரம் எதற்கு? 1861-ல் கடற்படையில் சேர்ந்த 'வாரியர்' கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கொதிகலன், 40 உலைவாய், கரி ஏற்ற இடமோ சுமார் 850 டன்னுக்குத்தான். முழு வேகத்தில் போனால் அது வெகுநாள் தாங்காது. அதனால் நல்ல காற்று அடித்தால் பாயை விரித்துக் கரியை மிச்சம் பிடிப்பார்கள். வழியில் நிரப்பிக்கொள்ளக் கிடங்குகளும் வேண்டும். 1839-ல் பிரிட்டிஷார் அரேபியக் கரையிலுள்ள ஏடன் துறைமுகத்தைப் பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு வேடிக்கை, அந்தத் தூரக் கிடங்குகளுக்குக் கரியைச் சுமந்து போனவை பெரும்பாலும் சாதாரணப் பாய்மரக் கப்பல்கள்தான்!

கரி ஏற்றும் நாளில் கப்பலில் வெள்ளைத் துணி வெள்ளையாக இருக்காது. கரி அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஒருவன் வாரி வாரி உலைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பான், உலைக்காரன் அதை அள்ளி வீசுவான். அப்புறம் சாம்பலை வாரி வெளியே கொட்டுவதும் இவர்கள் வேலைதான்.

இவர்களாவது கடல் காற்றுக்கு மேலே வரலாம். சுரங்கத்தில் அதுவும் இல்லை. 1842-ல் வந்த சட்டம் பெண்களையும் 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களையும் நிலத்தடி வேலைக்கு அனுப்பக் கூடாது என்றது, 10 வயது ஆனவன் போகலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்! கப்பலில் அதிகம் புகை விடாத இதே வேல்ஸ் கரி, சுரங்கத்துக்குள் மீத்தேனைக் கசியவிடும். அது தீப்பிடித்தால் காற்றில் மிதக்கும் கரித்தூளும் சேர்ந்து வெடிக்கும். 1894 ஜூனில் கில்வினித் ஊரின் ஆல்பியன் சுரங்கத்தில் நடந்த ஒரே வெடிப்பில் 290 பேர் செத்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு.