நிதிக்குறைப்பும் கலைஞர்களின் குரலும்: கேள்வி பதில்

2010 முதல் 2013 வரை ஐரோப்பிய அரசுகள் மேற்கொண்ட சிக்கன நடவடிக்கைகளையும், அவற்றை எதிர்த்துக் கலைஞர்கள் வெளிப்படையாகப் பேசியதையும் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அந்தக் காலத்துக்கும் அந்த நிலப்பரப்புக்கும் வெளியே உள்ளவற்றை வேறொருவரிடம் கேட்பதே நல்லது.

கல்லூரி மாணவி, திருச்சி: பிரிட்டனில் கலைக்கான நிதி எவ்வளவு குறைக்கப்பட்டது? ஓரிடத்தில் 15 சதவீதம் என்றும் இன்னோரிடத்தில் 30 என்றும் படித்தேன், ஐயா.

இரண்டுமே சரி, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 2010 அக்டோபரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்த செலவினத் திட்டத்தின்படி, இங்கிலாந்துக் கலை மன்றத்துக்கு அரசு தரும் மானியம் நான்கு ஆண்டுகளில் 29.6 சதவீதம் குறைய வேண்டும். ஆனால் மன்றத்திடம் தொடர்ந்து நிதி பெற்றுவந்த குழுக்களுக்கான தொகையில் 15 சதவீதத்துக்கு மேல் கைவைக்கக் கூடாது என்றும், மன்றம் தன் நிர்வாகச் செலவைப் பாதியாக்க வேண்டும் என்றும் கூடவே சொல்லப்பட்டது. உள்ளாட்சிகள் கலைக்குத் தந்துவந்த பணம் இந்தக் கணக்கிலேயே வராது. ஒரு சதவீதம் கண்ணில் பட்டால், எதில் அந்தச் சதவீதம் என்பதை முதலில் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற இசை ஆசிரியர், தஞ்சாவூர்: இத்தாலிய இசை நடத்துநர் ரிக்கார்டோ மூட்டி மேடையிலிருந்தே பேசினார் என்கிறார்களே?

2011 மார்ச் 12, ரோம் ஓபரா அரங்கம். இத்தாலி ஒன்றுபட்ட 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி வெர்தியின் ‘நபுக்கோ’ இசைநாடகம் நிகழ்த்தப்பட்டது. நாடு கடத்தப்பட்ட அடிமைகள் தாய்நாட்டை நினைத்துப் பாடும் குழுப்பாடல் முடிந்ததும், அவையினர் அதை மீண்டும் பாடச் சொல்லி ஆர்ப்பரித்தார்கள். பாடல்களைத் திரும்ப நிகழ்த்துவதை விரும்பாத மூட்டி அன்று அவையை நோக்கித் திரும்பி, பண்பாட்டுக்கான நிதியை வெட்டுவதைக் கண்டித்துப் பேசினார். ‘அழகிய, இழந்த என் தாய்நாடே’ என்ற அப்பாடலின் வரி உண்மையாகிவிடும் என்று எச்சரித்து, அவையையும் உடன் பாட அழைத்தார். பாடகர்கள் அழுதார்கள். அதே மாதத்தில் அரசு, பெட்ரோல் மீதான வரியைச் சற்றே உயர்த்தி, நிகழ்கலை நிதியில் வெட்டியதை மீட்டுக்கொடுத்தது. பேசியவர் உலகப் புகழ்பெற்றவர், பேசிய நாள் தேசிய விழா, கேட்டதோ அரசு ஒரே ஆணையில் கொடுத்துவிடக்கூடிய ஒன்று. இம்மூன்றும் அடிக்கடி கூடிவருவதில்லை.

கலைஞர்கள் பேசி எதுவாவது மாறியிருக்கிறதா? (நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்)

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கணக்காளர், கோயம்புத்தூர்: 2010இல் பிரிட்டனில் கலை நிதிக்குறைப்பை எதிர்த்துக் கடிதம் எழுதியவர்களில் டேமியன் ஹர்ஸ்ட், டேவிட் ஹாக்னி போன்ற பெருஞ்செல்வக் கலைஞர்கள் இருந்தார்கள். வயிறு நிறைந்தவர்கள் பசியைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம் என்பது மட்டுமல்ல, அப்போது அவர்களால்தான் அச்சமின்றிப் பேச முடிந்தது என்பேன். அந்தப் பரப்புரைக்காக டேவிட் ஷ்ரிக்லி ஓர் அசைவூட்டப் படம் செய்தார். டர்னரின் புகழ்பெற்ற கப்பல் ஓவியத்தில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து மார்க் வாலிங்கர் சுவரொட்டி ஆக்கினார். அதே காலத்தில் சிறு நாடகக் குழுக்கள் கலை மன்றத்தின் புதிய நிதித் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தன. 1,333 விண்ணப்பங்களில் 695 தேர்வாயின. அதுவரை நிதி பெற்றுவந்த 206 அமைப்புகள் அதை இழக்கும் என்று 2011 மார்ச் 30 அன்று அறிவிக்கப்பட்டது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது எத்தனை பேர் உரக்கப் பேசுவார்கள்?

நாடகக்காரர், புதுச்சேரி: கணக்காளருக்கு நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மருத்துவமனைக்கு வாதாட மருத்துவருக்கு உரிமை உண்டென்றால், அரங்குக்கு வாதாட நடிகனுக்கு ஏன் இல்லை?

கணக்காளர், கோயம்புத்தூர்: மருத்துவமனையை மூடும்போது நடிகர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

சிலர் போனார்கள். 2013 பிப்ரவரியில் ஸ்பெயினின் கோயா திரைப்பட விருது விழாவில், பண்பாட்டு அமைச்சர் அவையில் இருக்க, விருது வாங்கிய நடிகை காந்தெலா பெஞ்ஞா, தன் தந்தை இறந்த அரசு மருத்துவமனையில் போர்த்தக்கூடப் போர்வை இல்லாததைச் சொன்னார்.

ஆனாலும் கணக்காளரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிரிட்டன் கலைஞர்களில் பலர், கலை நாட்டுக்கு வருவாய் ஈட்டித் தரும் முதலீடு என்றே வாதாடினார்கள். 2013 ஏப்ரலில் பண்பாட்டு அமைச்சர் மரியா மில்லர் அந்த வாதத்தையே எடுத்துக்கொண்டு, கலைத்துறை தன் பொருளாதாரப் பயனை முன்வைத்து வாதாட வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். காசின் மொழியில் பேசத் தொடங்கியவனுக்குக் காசின் மொழியில்தானே பதில் வரும்? வருவாய் ஈட்டாத சிற்றூர் நூலகத்தை அந்த வாதத்தால் எப்படிக் காப்பாற்றுவது?

நீங்கள் இருவரும் இதற்குப் பின்னும் ஒன்பது செய்திகள் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றைத் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நூலகர், நாகர்கோவில்: நூலகங்களுக்காக எழுத்தாளர்கள் பேசினார்களா?

ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் 20 நூலகங்களின் நிதியை நிறுத்தும் திட்டத்தை எதிர்த்து 2011 ஜனவரியில் பிலிப் புல்மேன் ஆற்றிய உரை பெரிதும் பரவியது. எனினும், அவ்வாண்டு நவம்பரில் குளூஸ்டர்ஷயர், சாமர்செட் நூலகங்களின் மூடலைத் தடுத்தது உயர் நீதிமன்றம். ஊனமுற்றோர் முதலியோர் மீதான பாதிப்பை அந்த உள்ளாட்சிகள் முறையாக ஆராயவில்லை என்பதே காரணம். லண்டனின் பிரெண்ட் பகுதியில் ஸேடி ஸ்மித்தும் ஆலன் பென்னட்டும் குரல் கொடுத்தும், வழக்கு தோற்று ஆறு நூலகங்கள் மூடப்பட்டன.

இதழாளர், சென்னை: நியூகாசில் நகராட்சி கலை நிதியை 100 சதவீதம் வெட்டியது உண்மைதானே?

எதில் 100 சதவீதம்? நகராட்சி கலை அமைப்புகளுக்குத் தந்த மானியத்தில். அது அதன் மொத்தச் செலவில் சிறு துளி. அதுவும் 2012 இறுதியில் முன்மொழியப்பட்டதே தவிர முடிவானதல்ல. அப்பகுதியில் வளர்ந்த ஸ்டிங், பிரையன் ஃபெர்ரி, மார்க் நாஃப்ளர், எழுத்தாளர் லீ ஹால் ஆகியோர் எதிர்த்த பின் வெட்டு பாதியாகக் குறைந்தது. அப்போது ஆண்ட கன்சர்வேட்டிவ் கூட்டணி லண்டனிலிருந்து பணத்தைக் குறைக்க, வசை முழுவதும் லேபர் கட்சியின் நகராட்சிமேல் விழுந்ததையும் எழுதுங்கள்.

குறும்பட இயக்குநர், மதுரை: பேச்சைத் தவிர வேறு வழியில் யாராவது எதிர்த்தார்களா?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். 2012 செப்டம்பரில் ஸ்பெயின் அரசு நுழைவுச்சீட்டுகள் மீதான மதிப்புக் கூட்டு வரியை 8 சதவீதத்திலிருந்து 21 ஆக்கியது. கத்தலோனியாவின் பெஸ்கானோ என்ற சிற்றூர் அரங்கம் சீட்டு விற்பதையே விட்டுவிட்டு, கேரட் ஒன்றை 13 யூரோவுக்கு விற்றது. வாங்கியவர்களுக்கு நாடகம் இலவசம். கேரட்டுக்கு வரி 4 சதவீதம்தான்! போர்ச்சுகலில் 2013 பிப்ரவரி 15 அன்று, பிரதமர் நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் ‘கிராந்தொலா’வைப் பாடத் தொடங்கினார்கள். 1974 ஏப்ரல் புரட்சிக்கு வானொலியில் சைகையாக ஒலித்த பாட்டு அது.

கலைஞர்கள் பேசினால் பயன் உண்டா? (மேலும் இருவர்)

மூட்டி.

வானொலி நேயர், யாழ்ப்பாணம்: கிரேக்க அரசு ஒலிபரப்பின் இசைக்குழு அழுதுகொண்டே வாசித்த காணொளியைப் பார்த்தேன். அந்த நிலையம் என்னவாயிற்று?

2013 ஜூன் 11 அன்று அரசு ஈ.ஆர்.டி. என்ற அந்த நிலையத்தை ஒரே நாளில் மூடியது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 ஜூன் 11 அன்று அது மீண்டும் ஒளிபரப்பைத் தொடங்கியது. காரணம் இசையா, தேர்தலா என்று அடுத்து கேட்பீர்கள். தேர்தல்தான்; அவ்வாண்டு ஜனவரியில் ஆட்சி மாறியிருந்தது.